வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கழிப்பறை

திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டிய சந்து ஒன்றில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், 'அம்சா கட்டுமானம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதை நிறுவனம் என்று யாராவது சொன்னால் கலைக்காவே சிரித்துவிடுவார். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவர் முழுக்க வீட்டு வரைபடங்கள், மூலையில் கழுவிக் கவிழ்த்த இரும்புச் சட்டிகள். அவரையும் சேர்த்து நிரந்தரமாக இருப்பவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் வேலைக்குத் தகுந்தபடி வருவார்கள், போவார்கள், மறுபடி வருவார்கள். கட்டட வேலையில் போனவர்கள் மறுபடி வருவது அவ்வளவு சாதாரணம் இல்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கலைப்பிரியா என்பது அவருடைய முழுப் பெயர். வயது நாற்பத்தொன்று. விழுப்புரத்தில் எங்கள் வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். பலகையில் இருக்கும் அம்சா, அவருடைய அம்மா. முப்பது வருடம் சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்தவர். விழுப்புரத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை அவர் ஏறாத சாரம் இல்லை. மகள் பாலிடெக்னிக்கில் சிவில் படித்து முடித்ததும், "நான் தலையில தூக்குனத நீ பேப்பர்ல தூக்கு" என்று சொன்னாராம். இப்போது மகளின் கம்பெனியில் அவருக்கு ஒரு வேலை உண்டு. புதுச் சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் காட்டுவது. அதற்குச் சம்பளமும் உண்டு. ஒரு நாள் தாமதமானாலும் கேட்டு வாங்கிவிடுவார்.

கலைக்கா படித்து முடித்து ஆறு வருடம் விழுப்புரத்தில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிப்பது. பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கினார். ஒரு பெண்ணை நம்பி வீட்டைக் கொடுக்க யாரும் வரவில்லை. மயிலம் பக்கத்தில் அப்பாதுரை என்கிற விவசாயி மட்டும், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்ட கொல்லையில் ஒரு மோட்டார் கொட்டகை கட்டச் சொன்னார். பத்துக்குப் பத்து அடி. அதுதான் முதல் வேலை.

கொட்டகை முடிந்த அன்று அப்பாதுரை எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, "யாரு யாரு இன்னா இன்னா செஞ்சீங்க, கையக் காட்டிச் சொல்லுங்க. நாளைக்கி ஒழுகுனா யாரப் போய்ப் புடிக்கறதுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். அவர் கேட்டது சந்தேகத்தில். ஆனால் நின்றவர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கொத்தனார் மூலையைக் காட்டி, "இந்த மூலமட்டம் என்னுது, தூக்குக்குண்டு வுட்டுப் பாருங்க" என்றார். சித்தாள் ஒருத்தி, மணல் சலித்தது தான் என்றாள். அப்பாதுரை ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் தன் வீட்டையே கட்டக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கலைக்காவின் எந்த வீட்டிலும் சாவி கொடுப்பதற்கு முன் அது நடக்கும். 'கைகாட்டு' என்பார்கள். கடைக்கால் தோண்டியவரிலிருந்து பெயிண்ட் அடித்தவர் வரை அந்த வீட்டில் கைவைத்த எல்லாரும் வரவேண்டும். வீட்டுக்காரர் முன்னால் தாங்கள் செய்ததைக் கைகாட்டிச் சொல்ல வேண்டும். பிறகு எல்லாரும் அந்த வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரர் குடிபோவது.

எங்களுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். அத்தா அமீர் பாட்சா தவறிய பிறகு, எனக்கு விழுப்புரத்தில் ஆசிரியர் வேலை கிடைத்ததால் அம்மாவும் நானும் இங்கே வாடகை வீட்டுக்கு வந்தோம். என் அம்மா ஹமீதுன்னிசாவுக்கு முழங்கால் தேய்மானம். அண்ணன் சுஃப்யான் ஏழு வருடமாகக் கத்தாரில் இருக்கிறான். அவன் அனுப்பியதில் மனை வாங்கி, கலைக்காவிடம் கொடுத்தோம். அண்ணன் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா படி ஏறக் கூடாது. அவங்களுக்கு எல்லாம் கீழயே இருக்கணும்." அப்படித்தான் கீழே அம்மாவுக்கு ஓர் அறையும், அதை ஒட்டி ஒரு குளியலறையும் வந்தன. அண்ணனுக்கும் எனக்கும் மாடி.

சுவர் பாதி எழும்பியபோது அம்மா ஒன்று கேட்டார். கீழ்க் குளியலறையின் கதவு வடக்குச் சுவரில், சாப்பாட்டு அறையைப் பார்த்தபடி இருந்தது. விருந்தாளி சாப்பிடும்போது எதிரில் அந்தக் கதவு தெரிவது அம்மாவுக்குக் கூச்சம். ஏற்கெனவே சமையல் மேடையை ஒருமுறையும் ஜன்னலை இரண்டு முறையும் மாற்றச் சொல்லியிருந்தார். அதனால் இதைக் கேட்க ஒரு வாரம் யோசித்தார். கலைக்கா சிரித்துக்கொண்டே, "இதுக்காம்மா இவ்ளோ யோசிச்சீங்க?" என்று கதவைக் கிழக்குச் சுவருக்கு மாற்றி, அம்மாவின் அறைக்குள்ளிருந்து போகும்படி செய்தார். அம்மாவுக்கு அன்று முழுக்க அதே பேச்சு. கலை என்கிற பெண் தங்கம், கலை என்கிற பெண் வைரம்.

தப்பு அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தது.

கழிப்பறையில் உட்காரும்போது நாங்கள் தொழும் திசைக்கு முகத்தையும் காட்ட மாட்டோம், முதுகையும் காட்ட மாட்டோம். இங்கே தொழும் திசை மேற்கு. அதனால் எங்கள் வீடுகளில் கழிப்பறைப் பீங்கானை வடக்கு தெற்காக வைப்பார்கள். கலைக்காவின் வரைபடத்தில் அது சரியாகவே இருந்தது. வாஸ்து பார்க்கிறவர்களும் வடக்கு தெற்காகத்தான் கேட்பார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே பதிலாக இருந்ததால், அவர் அதைத் தனியாக யோசிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. பிளம்பர் ராஜ்குமாருக்கோ வேறொரு கணக்கு. கதவுக்கு எதிர்ச் சுவரில் பீங்கான். பழைய கதவுக்கு எதிர்ச் சுவர் தெற்கு. புதுக் கதவுக்கு எதிர்ச் சுவர் மேற்கு. கதவை மாற்றியாயிற்று என்று கலைக்கா சொன்னார். ராஜ்குமார் மேற்குச் சுவரில் பைப் இறக்கி, பீங்கானை அழகாக உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். உட்கார்ந்தால் முதுகு நேராக மேற்குக்கு.

அந்த வாரங்களில் அம்சாம்மாவுக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். கலைக்கா ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலைந்துகொண்டிருந்தார். டைல்ஸ் ஒட்டியாயிற்று, இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்டு மாவும் பூசியாயிற்று. யாரும் கவனிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்சாம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை கைகாட்டு. அன்றே ஜும்மா தொழுகைக்குப் பிறகு குடிபோவது. அண்ணனுக்குப் பன்னிரண்டு நாள்தான் லீவு, வியாழக்கிழமை வருகிறான். டைல்ஸில் சிமெண்டுக் கறை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க அம்சாம்மா அறை அறையாகப் போனார். நான் திரைச்சீலைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்க் குளியலறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"ஏ கலை, இங்க வா. இந்தப் பீங்கான எந்த மகராசன் வச்சான்?"

"ராஜ்குமார்தான். ஏன், ஆடுதா?"

"ஆடல. அம்மிக்கல்லு மாதிரி வச்சிருக்கான். மேற்கால முதுகக் காட்டிக்கினு வச்சிருக்கான். பாயம்மா வூட்ல இப்படி வைப்பாங்களா? கோட்டக்குப்பத்துல நான் எத்தினி வூட்டுக்குக் கலவ சொமந்திருக்கேன். ஒரு வூட்லயாவது இப்படி வச்சிப் பாத்திருக்கேனா?"

கலைக்கா கதவருகே நின்று பார்த்தார்.

"ஒத்தக் கண்ண வச்சிக்கினு நான் வந்து பாக்க வேண்டியதா இருக்குது" என்றார் அம்சாம்மா. "பலகையில என் பேரப் போட்டிருக்கியே, அதுக்காகவாவது பாத்திருக்கக் கூடாதா?"

நான் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். அந்தப் பீங்கான் எனக்குப் புதிய செய்தி இல்லை.

அன்று சாயங்காலமே இருவரும் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார்கள். அம்மா டீ கொடுத்தார். கலைக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அம்மா, உங்க வீட்ல ஒரு தப்பு பண்ணிட்டேன். கீழ பாத்ரூம்ல..."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"ரெண்டு வாரமாத் தெரியும்."

அம்சாம்மா கறுப்புக் கண்ணாடியைச் சற்று இறக்கி அம்மாவைப் பார்த்தார். "ரெண்டு வாரமா இன்னா பண்ணீங்க, பாயம்மா?"

"படி ஏறிப் பழகுனேன்" என்றார் அம்மா.

அது உண்மை. பீங்கானைப் பார்த்த அன்றே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாதடி. நாலு தடவ அத மாத்து இத மாத்துன்னு அந்தப் பொண்ணப் பேஜார் பண்ணிட்டோம். முகம் சுளிக்காம செஞ்சிது. இன்னும் ஒண்ணச் சொல்ல எனக்கு வாய் வராது. மாடியில இருக்கறதுல போய்க்கறேன்" என்றார். அன்றிலிருந்து வேலை பார்க்கப் போகிற சாக்கில், புது வீட்டின் பதினெட்டுப் படியைத் தினம் இரண்டு முறை ஏறி இறங்கினார். ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் 'யா அல்லாஹ்' என்பார். அம்மா வீட்டுக்காக ஓதுகிறார் என்று பக்கத்து மனைக்காரர் நினைத்துக்கொண்டார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலம்மா" என்றார் அம்மா. "ஒட்டுன டைல்ஸ ஒடைக்க வேணாம். ஏழெட்டு நாள்ல இன்னாத்த பண்ணுவ? சுஃப்யான்கிட்ட மட்டும் சொல்லிடாத. எனக்காகத்தான் கீழ பாத்ரூம் கேட்டான். மனசு கஷ்டப்படுவான்."

"ஒடைக்காம இருந்தா எனக்குத் தூக்கம் வராதும்மா."

"ஒடைச்சா எனக்கு வராதே."

"அப்ப ரெண்டு பேரும் முழிச்சிக்கினு இருங்க, நான் போய்த் தூங்கறேன்" என்று அம்சாம்மா எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். "பாயம்மா, வெள்ளிக்கிழம நீங்க கீழ் ரூம்லதான் குடிவர்றீங்க. என் பொண்ணு வாயால சொல்ல மாட்டா. நான் சொல்றேன்."

மறுநாள் காலை, கலைக்காவின் பழைய காரில் நானும் ஏறிக்கொண்டேன். மாதிரி காட்ட எடுத்த டைல்ஸ் துண்டு ஒன்று என் மடியில் இருந்தது. வெள்ளையில் வெளிர்நீலக் கோடு. கடையில் விசாரித்தாயிற்று. அந்த டிசைன் நின்றுபோய் நான்கு மாதம் ஆகிறதாம். உடைக்கிற இடத்துக்கும் பழைய பைப் இருந்த சுவருக்குமாக இருபத்திரண்டு டைல்ஸ் வேண்டும். எங்களிடம் மிச்சம் இருந்தது மூன்று.

முதலில் திருவக்கரை. அங்கே கோயிலுக்கு வருகிறவர்கள் தங்க ஒரு விடுதி கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜ்குமார் அங்கே வேலையில் இருந்தார். முப்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். கலைக்கா தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில் எந்த பிளம்பரும் அவரிடம் நேராகப் பேச மாட்டார்களாம். 'வூட்ல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லுங்க' என்பார்களாம். ராஜ்குமார் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கக்கா வைக்கணும்?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்விக்காக அவரை விட்டு வேறு ஆளைக் கூப்பிட்டதே இல்லை என்று கலைக்கா வழியில் சொன்னார். அம்சாம்மா பின்சீட்டிலிருந்து, "அதே கேள்விய இந்த வாட்டியும் கேட்டிருந்தா நமக்கு டீசல் மிச்சம்" என்றார்.

விடுதியில் பதினோரு புதுப் பீங்கான்கள் வரிசையாக உட்காரக் காத்திருந்தன. கலைக்கா விஷயத்தைச் சொன்னதும் ராஜ்குமாரின் முகம் சுண்டிவிட்டது.

"கதவ மாத்திட்டேன்னு மட்டும்தானக்கா சொன்னீங்க. கதவுக்கு எதிர்ல பீங்கான். நான் எப்பவும் அப்படித்தான வைப்பேன்?"

"ஆமாம்பா. தப்பு என்னுது. கதவு மாறுனா உள்ள இருக்கறதும் மாறும்னு நான்தான் யோசிச்சிருக்கணும். ஒங்கிட்ட சண்ட போட வரல. ஒன்ன வுட்டா அத யாரும் சுத்தமாத் திருப்ப மாட்டாங்க, அதான் வந்தேன்."

அவர் சண்டைக்குத் தயாராக நின்றிருந்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகினார்.

"எப்பக்கா கைகாட்டு?"

"வெள்ளிக்கிழம."

"தண்ணி கட்டி நிறுத்திப் பாக்கவே ரெண்டு நாளு வோணும். நாளைக்கி ஒடைக்கணும். திங்கக்கெழம பைப்பு." அவர் விரல் மடக்கி எண்ணினார். "இங்க மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு. வேலைக்கித்தான் வருவேன். கைகாட்டுக்கு வர மாட்டேன். அந்தத் தம்பி வெளிநாட்டுல வெயில்ல நின்னு சம்பாரிச்ச காசு. எந்த மூஞ்ச வச்சிக்கினு அவரு முன்னால நிக்கறது?"

அம்சாம்மா அந்தப் பதினோரு பீங்கான்களையும் கையால் காட்டி, "இதுங்க எந்தப் பக்கம் பாக்கப் போவுது, இப்பவே கேட்டு வச்சிக்க" என்றார். அவ்வளவு வருத்தத்திலும் ராஜ்குமார் சிரித்துவிட்டார்.

அங்கிருந்து திண்டிவனம். அதே நீலக் கோட்டு டைல்ஸைக் கலைக்கா போன வருடம் ஒட்டியது, அன்புச்செல்வி என்கிற டீச்சர் வீட்டில். எந்த வீடு முடிந்தாலும், நாளைக்கு ஒன்று உடைந்தால் மாற்ற வேண்டுமே என்று இரண்டு பெட்டி டைல்ஸை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுத்தான் வருவார். அந்த டீச்சரும் எடுத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் எங்கே என்பதுதான் வேடிக்கை.

"டைல்ஸா? வாஷிங் மெஷினுக்கு அடியில ஒரு பத்து இருக்கு. மொட்டமாடியில செடித் தொட்டிங்களுக்கு அடியில கொஞ்சம் இருக்கு. வாங்க, வாங்க. முதல்ல மல்லாட்ட சாப்பிடுங்க, இப்பதான் அவிச்சேன்."

"டீச்சர், உங்களுக்கு வேணும்னா வச்சிக்கோங்க. நான் கேட்டுப் பாக்கத்தான் வந்தேன்" என்றார் கலைக்கா.

"எனக்கு எதுக்கு? போன மழையில மாடிப்படிகிட்ட ஒழுகுச்சி. உனக்கு நான் போன் பண்ணேனா? நேரா கிருஷ்ணசாமி கொத்தனாருக்குப் பண்ணேன். மொட்டமாடித் தளவரிச போட்டது அவருன்னு எனக்குத்தான் தெரியுமே, கைகாட்டுனாரே. அரை மணி நேரத்துல வந்து ஏறிட்டாரு. டீ கூடக் குடிக்கல." டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "டைல்ஸ எடுத்துக்கோ. ஆனா மெஷின நீங்கதான் தூக்கணும்."

தூக்கினோம். கண் ஆபரேஷன் செய்துகொண்டவர் தூக்கக் கூடாது என்று சொல்லி அம்சாம்மா ஓரமாக நின்று எங்களை விரட்டினார். மெஷினுக்கு அடியில் பத்து. தொட்டிகளுக்கு அடியில் எட்டு. எங்கள் மூன்றோடு இருபத்தொன்று. இன்னும் ஒன்று வேண்டும். அன்புச்செல்வி டீச்சர் இடுப்பில் கைவைத்து யோசித்தார். சமையலறைக்குள் போனார். அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருந்த மல்லாட்டைக் குண்டானை நகர்த்தி, அதன் அடியில் இருந்த டைல்ஸைத் துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் கறுப்பு வளையம்.

"சூடா இருக்கு, பாத்து" என்றார்.

அம்சாம்மா சாம்பலும் தேங்காய் நாரும் கேட்டு வாங்கித் தேய்த்தார். முக்கால்வாசி போனது. "மீதி பீங்கானுக்குப் பின்னால போயிடும். யாரு பாக்கப் போறா?" என்றார். இருபத்திரண்டாவது டைல்ஸ் அப்படிக் கிடைத்தது. வரும் வழியெல்லாம் கார் முழுக்க அவித்த மல்லாட்டை வாசனை.

ஞாயிற்றுக்கிழமை உடைத்தார்கள். அம்மா அன்று புது வீட்டுப் பக்கமே வரவில்லை. சத்தம் கேட்டால் தாங்காது என்றார். திங்கட்கிழமை ராஜ்குமார் பைப்பைத் தெற்குச் சுவருக்குத் திருப்பினார். ஒருமுறைக்கு நான்கு முறை கலைக்காவைக் கூப்பிட்டு, "எங்கக்கா வைக்கணும்? விரல வச்சிக் காட்டுங்க" என்று கேட்டார். கலைக்கா ஒவ்வொரு முறையும் விரலை வைத்துக் காட்டினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தரையில் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டார்கள். வியாழக்கிழமை காலை அம்சாம்மா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஒழுகவில்லை. கிருஷ்ணசாமி அன்று முழுக்க டைல்ஸ் ஒட்டினார். குண்டான் வளையம் இருந்ததைப் பீங்கானுக்குப் பின்னால் வைத்து, "டீச்சருக்குச் சொல்லிடுங்க" என்றார். இருட்டுவதற்குள் பீங்கான் தெற்குச் சுவரில் உட்கார்ந்துவிட்டது, வடக்கைப் பார்த்து. அதே நேரத்தில் அண்ணன் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் இருபத்தேழு பேர். எல்லாரும் குளித்து, துவைத்த சட்டை போட்டு, வேறு ஆட்கள் மாதிரி இருந்தார்கள். அண்ணனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தன் வீட்டுக்குள் தன்னை விருந்தாளி மாதிரி கூட்டிப் போகிறார்களே என்று கூச்சத்தோடு நடந்தான். கடைக்கால் தோண்டியவர், "தம்பி, நீங்க நிக்கற எடத்துக்குக் கீழ ஆறடிக்கி நான் இருக்கேன்" என்றார். கிருஷ்ணசாமி பதினெட்டுப் படியையும் தொட்டுக் காட்டினார். இளவரசி என்கிற சித்தாள், மாடித் தளம் போட்ட அன்று இருநூறு சட்டி தூக்கியதைச் சொல்லி, "எண்ணிக்கினே தூக்குனேன்" என்றாள். அம்சாம்மா நான்கு சுவரையும் பொதுவாகச் சுட்டி, "இதுங்க குடிச்ச தண்ணி எல்லாம் என் கையால" என்றார். அண்ணன் ஒவ்வொருவர் கையையும் பிடித்தான். இதுவரை போட்டோவில் மட்டும் பார்த்த வீடு. நடுவில் ஒருமுறை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். யாரும் கண்டுகொள்ளவில்லை.

"பைப் வேல யாரு செஞ்சது?" என்று கேட்டான்.

கலைக்கா வாசலைப் பார்த்தார். வெளியே, கேட்டுக்கு அந்தப் பக்கம், ராஜ்குமார் தன் பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். கைகாட்டுக்கு வர மாட்டேன் என்று சொன்னவர் தெரு வரை வந்திருந்தார்.

அம்மா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே வாசல் இறங்கிக் கேட் வரை நடந்து போனார்.

"இன்னாப்பா இங்க ஒக்காந்திருக்க?"

"இல்லம்மா, நான் அப்படியே... வண்டிய யாராச்சும் எடுத்துக்கினு போயிடுவாங்க."

"அந்த வண்டிய யாரு எடுக்கப் போறா? உள்ள வா. நீ வந்து காட்டுனாத்தான் நான் குடிவருவேன். இல்லன்னா நான் பாட்டுக்கு இங்கயே நிப்பேன். எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது, பாத்துக்க."

ராஜ்குமார் இறங்கி வந்தார். அண்ணனைக் கீழ்க் குளியலறைக்குக் கூட்டிப் போனார். நாங்கள் எல்லாரும் கதவருகே நெருக்கியடித்து நின்றோம். டைல்ஸ் இடுக்கில் பூசிய மாவு இன்னும் ஈரமாக இருந்தது.

"டைல்ஸ் வேல முடிஞ்சி ஒரு மாசம் ஆச்சின்னு சொன்னாங்க. இது மட்டும் ஏன் ஈரமா இருக்கு?" என்றான் அண்ணன்.

"தப்பு என்னுது" என்று கலைக்கா ஆரம்பித்தார்.

"இல்லக்கா, வச்சவன் நான்தான" என்றார் ராஜ்குமார். "தம்பி, மேற்கால முதுகு வர்ற மாதிரி வச்சிட்டேன். தெரிஞ்சி செய்யல."

"ரெண்டு வாரமாத் தெரிஞ்சும் வாயத் தொறக்காதது நான்" என்றார் அம்மா. "கதவ மாத்தச் சொன்னதும் நான்தான். இவங்கள ஒண்ணும் சொல்லாத."

அண்ணன் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குத் திரும்பிக்கொண்டே இருந்தான். "ஒரு பாத்ரூமுக்கு மூணு குத்தவாளியா?"

"நாலு" என்றார் அம்சாம்மா. "நான் இங்க இருக்க வேண்டிய நேரத்துல ஆஸ்பத்திரியில கண்ண மூடிக்கினு படுத்திருந்தேன் இல்ல."

ஐந்தாவது நான். ஆனால் நான் எதுவும் சொல்லவில்லை.

முதலில் சிரித்தது அண்ணன்தான். அவன் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். கிருஷ்ணசாமி, "தம்பி, சாயாதீங்க, ஈரம்" என்று பதறினார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் அடங்கியதும் அண்ணன் ராஜ்குமாரின் பக்கம் திரும்பினான். "இப்பச் சொல்லுங்கண்ணே. இதுல எது உங்க வேல?"

ராஜ்குமார் நிமிர்ந்து நின்றார். தெற்குச் சுவருக்கு நேராகக் கையை நீட்டினார்.

"இந்தப் பீங்கான ரெண்டு தடவ வச்சவன் நான், தம்பி. உலகத்துலயே இத மாதிரி கெட்டியா வச்ச பீங்கான் இருக்காது. மொத தடவ வச்சதப் பேத்தெடுக்கறதுக்கே எனக்கு ஒரு நாளு ஆச்சி."

ஜும்மா முடிந்து வந்த பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் ஃபாத்திஹா ஓதினார். கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிரியாணியை அம்மாவே பரிமாறுவேன் என்று அடம் பிடித்தார். ராஜ்குமாரின் இலையில் வைத்த கறியைப் பார்த்து அம்சாம்மா, "தப்பு பண்ணாத்தான் இந்த வூட்ல கறி அதிகம் போலக்குது. எனக்கு ரெண்டு துண்டுதான் வந்துது" என்றார். அம்மா திரும்பி வந்து அவருக்கும் வைத்தார். சாவியைக் கலைக்கா அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்தான். அம்மா சமையல் கையோடு வாங்கிக்கொண்டதால் சாவி முழுக்க நெய்.

மாவு காய ஒரு நாள் விட வேண்டும், நாளைக் காலை வரை தண்ணீர் படக் கூடாது என்று கிருஷ்ணசாமி சொல்லிவிட்டுப் போனார். அதனால் அன்று மட்டும் அம்மா பதினெட்டுப் படி ஏறினார். அண்ணன் கையைப் பிடித்து ஏற்றினான்.

மறுநாள் காலை, சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தபோது கீழ் அறையில் விளக்கு எரிவது தெரிந்தது. நான் இறங்கிப் போனேன். தொழுது முடித்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து கலைக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"கலை, எழுந்துட்டியாமா? ஒண்ணும் இல்ல. சும்மாதான் பண்ணேன்."

அந்தப் பக்கம் கலைக்கா ஏதோ கேட்டார்.

"நல்லாத் தூங்குனேன். அவனும் தூங்கறான். எல்லாம்... எல்லாம் நல்லா இருக்குமா." அம்மா குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, "அதான், சொல்லலாம்னு பண்ணேன்" என்றார்.

போனில் பின்னாலிருந்து அம்சாம்மாவின் குரல் எனக்கே கேட்டது.

"தண்ணி நல்லா வருதான்னு கேளுடி."

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு போனை மறுபடி காதில் வைத்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "வருது, அம்சா. ரொம்ப நல்லா வருது" என்றார்.